தொட்டியில் முட்டைக்கோஸ்: நீர் ஆழத்தையும் காற்றையும் மாற்றிப் பார்த்த பல பருவ அனுபவம்

லெட்யூஸுக்கும் கீரைக்கும் நன்றாக ஓடும், மண்ணில்லாமல் உரக்கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டி முட்டைக்கோஸுக்கும் ஓடும் என்று எடுத்துக்கொண்டால், முதல் மாதம் முழுக்க அது உண்மை போலவே தெரியும். இலை விரியும், வேர் வெள்ளையாக இறங்கும். சிக்கல் அதற்குப் பிறகு. லெட்யூஸ் 35, 40 நாளில் தொட்டியைக் காலி செய்துவிடும். முட்டைக்கோஸ் நட்டதிலிருந்து 65 முதல் 80 நாள் தண்ணீரிலேயே நிற்கும். வேர்க்கொத்து முழு அளவுக்கு வருவதும், ஆக்சிஜன் அதிகம் கேட்பதும் உருண்டை பிடிக்கும் கடைசி 30 நாளில்தான். தொட்டியின் குறை எல்லாம் அப்போது வெளியே வரும்.

இங்கே சொல்வது கோவை மொட்டைமாடியில், செப்டம்பர் கடைசியில் விதைத்து ஜனவரியில் அறுக்கும் பருவத்துக்குப் பொருந்தும். ரகம் கோல்டன் ஏக்கர் போன்ற குறுகிய கால ரகம். ஒரே அளவு காய்கறிப் பெட்டி (கிரேட்), ஒரே உரக்கரைசல். நீர் ஆழமும், பம்பால் தண்ணீருக்குள் காற்று விடும் முறையும் மட்டும் மாறின. பல பருவம் பயன்படுத்திய பிறகு எங்கள் முடிவு இது: ஆழமான தண்ணீர் வெயிலையும் மின்தடையையும் தாங்குவதற்கு, காற்று உருண்டை பிடிக்கும் மாதத்து இரவுகளுக்கு. ஆழம் இருக்கிறதே என்று காற்றைக் குறைத்தாலும், பம்ப் ஓடுகிறதே என்று ஆழத்தைக் குறைத்தாலும் ஏதோ ஒரு வாரத்தில் செடி கணக்கைத் தீர்த்துவிடும்.

அமைப்பு எளிது. 60 × 40 × 32 செ.மீ. காய்கறி கிரேட், உள்ளே சில்பாலின் ஷீட், மேலே 50 மி.மீ. கெட்டித் தெர்மாகோல் மூடி. மூடியில் 40 செ.மீ. இடைவெளியில் 3 அங்குல நெட் பாட்டுக்கு (செடி நிற்கும், துளைகள் உள்ள சிறு கூடை) இரண்டு துளை. மூடி கிரேட்டின் விளிம்பில் உட்கார வேண்டும். அறுவடை நேரத்தில் ஒரு செடி வெளியிலைகளோடு 2 கிலோவைத் தாண்டும், இரண்டு செடிக்கு மூடி வளையும். நடுவில் குறுக்காக ஒரு அலுமினியச் சட்டம் கொடுத்தால் போதும். தண்டைச் சுற்றி மூன்று மூங்கில் குச்சி நட்டுச் சணல் கட்டாவிட்டால் காற்றில் செடி ஆடி, தண்டு நெட் பாட் விளிம்பில் உரசிப் புண்ணாகும். அந்தப் புண்ணில் அழுகல் நுழையும்.

பக்கவாட்டில் 20 மி.மீ. டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாய் மாட்டும் இணைப்பு) போட்டு, வெளியே ஒரு எல்போவும் (வளைந்த இணைப்பு) சிறு குழாய்த் துண்டும் மாட்டுங்கள். எல்போவைச் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். இந்தத் தொட்டியிலேயே அதிகம் பயன்பட்ட உதிரி இதுதான். ஆழம் குறைவான தொட்டி வேண்டுமென்றால் ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் பலகைகளை அடுக்கித் தரையை உயர்த்திக்கொள்ளலாம். இப்படி 10, 18, 25 செ.மீ. ஆழத்தில் முறையே சுமார் 21, 38, 53 லிட்டர் பிடிக்கும்.

உரக்கரைசல் 100 லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் 90 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 50 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மக்னீசியம் சல்பேட் 45 கிராம், இரும்பு இடிடிஏ 2 கிராம். நுண்ணூட்டத்தை நேரடியாக எடைபோட முடியாது. 1 லிட்டர் தண்ணீரில் போரிக் ஆசிட் 3 கிராம், மாங்கனீசு சல்பேட் 2 கிராம், துத்தநாக சல்பேட் 0.5 கிராம், மயில்துத்தம் 0.2 கிராம், சோடியம் மாலிப்டேட் 0.1 கிராம் கரைத்து வைத்து, அதில் 100 மி.லி. எடுத்துச் சேர்க்கவும். கால்சியம் நைட்ரேட்டைத் தனி வாளியில் கரைத்துக் கடைசியாக ஊற்ற வேண்டும். அடர்த்தியாக இருக்கும்போது சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்தால் சுண்ணாம்பு போலப் படிந்துவிடும். போரானை விட்டுவிடாதீர்கள். கோஸ் இனச் செடிகளுக்கு அது மற்றவற்றைவிட அதிகம் தேவை; குறைந்தால் தண்டின் உள்ளே பொந்து விழும்.

இந்த அளவு ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm) 1.9 அருகில் வரும், அதோடு தண்ணீரின் சொந்த ஈ.சி. சேரும். சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலையே இல்லை, உப்பு மிகக் குறைவு. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் தானாகவே 1.0-ஐத் தாண்டும், பைகார்பனேட்டும் அதிகம். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) நாள்தோறும் மேலே ஏறும். அதைப் பாதிக்குப் பாதி மழைநீரோடு கலந்து பயன்படுத்துங்கள். பிஎச் 6.0 முதல் 6.5. காற்று விடும் தொட்டியில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதாலும், செடி நைட்ரேட்டை எடுப்பதாலும் பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும்; இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் சில மி.லி. விட்டுக் கலக்கி அளக்கவும். நீர்த்துப்போகச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

இனி ஆழம். வளர்ந்த செடி ஒன்று வெயில் நாளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு செடிக்கு இரண்டு லிட்டர், இந்தக் கிரேட்டில் அது ஏறக்குறைய 1 செ.மீ. நீர்மட்டம். 10 செ.மீ. தொட்டியில் நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் ஆறு செ.மீ. மிஞ்சும்; செடி உரத்தைவிடத் தண்ணீரை வேகமாக எடுப்பதால் ஈ.சி. 2.0-லிருந்து 2.6, 2.7 என்று ஏறி நிற்கும். 25 செ.மீ. தொட்டியில் அதே நான்கு நாள் பெரிதாக ஒன்றும் செய்யாது. வெப்பமும் அப்படியே. அக்டோபர் மதியத்தில் 10 செ.மீ. தண்ணீர் மாடிக் காற்றின் வெப்பத்தோடு கூடவே ஏறி 30 டிகிரியைத் தாண்டும். வெளியே தெர்மாகோல் சுற்றி வெள்ளை அடித்த 25 செ.மீ. தொட்டி 26, 27-ல் நிற்கும். கறுப்புக் கிரேட்டை வெயிலில் அப்படியே வைத்தால் எந்த ஆழமும் காப்பாற்றாது.

இந்த நாலைந்து டிகிரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கடல் மட்டத்தில், காற்றோடு நிறைந்த தண்ணீர் லிட்டருக்கு 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 25-ல் 8.3; 30-ல் 7.6. வேரின் சுவாசமோ 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இருப்பு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இன்னும் 5 சதவீதம் போல் குறையும். ஊட்டியில் முயல்பவர்கள் குளிர்ந்த தண்ணீர் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது: 2,240 மீட்டர் உயரத்தில் 15 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் கோவையில் 25 டிகிரித் தண்ணீர் பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு, 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அங்கே வேரின் தேவை குறைவு என்பதே லாபம்.

காற்றைப் பொறுத்தவரை, பம்ப் அட்டையில் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் கவிழ்த்துப் பிடித்து, ஏர் ஸ்டோனை (பம்பின் காற்றைக் குமிழாக்கும் நுண்துளைக் கல்) அதன் வாய்க்குக் கீழே கொண்டுபோங்கள். 25, 30 நொடியில் பாட்டில் காலியானால் நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒரு கிரேட்டுக்கு அது போதும். அதைவிட வேகமாக விட்டால் தெறிக்கும் நீர் தண்டின் அடியில் பட்டு உப்புப் படியும், தண்டு அழுகும். ஏர் ஸ்டோன் இரண்டு செடிக்கும் நடுவில் இருக்க வேண்டும், வேர்க்கொத்துக்கு நேர் கீழே அல்ல. நீரில் மூழ்கும் சிறு மோட்டாரை வைத்துச் சுழற்றுவதும் ஒரு வழி, ஆனால் அதன் சூடு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இறங்கும். 21 லிட்டர் தொட்டியில் அது நல்லதல்ல. 5 வாட் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான்.

தொடர்ந்து ஓட்டுவது, 15 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்துவது, பகலில் மட்டும் ஓட்டுவது, பம்பே இல்லாமல் விடுவது என நான்கையும் பயன்படுத்தியாயிற்று. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் 24 டிகிரிக்குள் இருக்கும்போது டைமர் முறைக்கும் தொடர்ந்து ஓட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர் 27-ஐத் தாண்டினால் வித்தியாசம் வேரின் நிறத்திலேயே தெரியும். இரும்பு உரத்தால் வரும் தேநீர் நிறம் இயல்பானது. விரலில் வழுக்கி, மேல்தோல் கழன்று நடுநூல் மட்டும் கையில் வந்தால் அது வேரழுகல். தண்ணீர் நிறைய இருந்தும் மதியத்தில் இலை தொய்ந்தால் உரத்தைத் தொடாதீர்கள், முதலில் காற்றைப் பாருங்கள்.

பகலில் மட்டும் ஓட்டுவதுதான் நான்கில் மோசமானது, வெளியே எந்த அறிகுறியும் காட்டாது என்பதால். உருண்டைக்குள் இருக்கும் இளம் இலைகள் வெயிலைப் பார்ப்பதில்லை, நீராவியை வெளியே விடுவதில்லை. கால்சியமோ நீரோட்டத்தோடுதான் போகும். பகலில் அந்த ஓட்டம் முழுக்க வெளியிலைகளுக்குப் போய்விடும். இரவில் வெளியிலைகள் அடங்கிய பிறகு வேர் தள்ளும் அழுத்தத்தால்தான் உள்ளிலைகளுக்குக் கால்சியம் சேர்கிறது. அந்த அழுத்தத்துக்கு வேர் உயிர்ப்போடு இருக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இரவில் பம்பை நிறுத்தினால் கோஸ் வெளியே பளபளவென்று இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளிலை ஓரமெல்லாம் பழுப்பும் கறுப்புமாகக் கருகியிருக்கும். கரைசலில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் இது வரும். ஈ.சி. 2.5-க்கு மேல் நின்றாலும் இதே கருகல் வரும், உப்பு கூடினால் வேர் இரவில் நீர் இழுப்பது குறையும். ஆகவே சத்தம் தொந்தரவு என்றால் பம்பை மாற்றுங்கள், இரவில் மட்டும் அணைக்காதீர்கள்.

பம்ப் இல்லாத முறை ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரால் அறியப்படுவது. நீர்மட்டம் இறங்க இறங்க மேலே வெளிப்படும் வேர்கள் ஈரக் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் எடுக்கும். முட்டைக்கோஸுக்கு இது 25 செ.மீ. தொட்டியில், குளிர் மாதங்களில் மட்டும் நம்பகமாக வருகிறது. கோஸ் சற்றுச் சிறிதாக இருக்கும். நெட் பாட்டின் அடி 1 செ.மீ. நீரில் முழுகும்படி ஆரம்பித்து, வேர் வெளியே வந்ததும் நெட் பாட்டின் அடிக்கும் நீருக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி, உருண்டை தொடங்கும்போது 7, 8 செ.மீ. இடைவெளி. இரண்டு செடி பருவம் முழுக்கக் குடிப்பது 53 லிட்டரைத் தாண்டும், எனவே நடுவில் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஒரு தடவைக்கு 3 செ.மீ.க்கு மேல் ஏற்றக் கூடாது. காற்றில் பழகிய வேரை மறுபடி முழுக்க மூழ்கடித்தால் இரண்டு மூன்று நாளில் செடி துவளும். பம்ப் ஓடும் தொட்டியிலும் இந்த இடைவெளியை விடுவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வடகிழக்குப் பருவமழையில் இந்த இடைவெளியைக் காப்பது அந்த எல்போதான். ஒரே இரவு மழை மூடித் துளை வழியே இறங்கி நீர்மட்டத்தை நெட் பாட் வரை ஏற்றிவிடும். வழியும் குழாயின் வாயில் கொசுவலை கட்டவும், நெட் பாட்டைச் சுற்றியுள்ள இடுக்கைப் பஞ்சால் அடைக்கவும். பம்ப் இல்லாத தொட்டியின் அசையாத நீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு உகந்த இடம்; மாநகராட்சிப் பணியாளர்கள் மாடி ஏறிப் பார்க்கும்போது முதலில் திறப்பது இதைத்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலையிலிருந்து மாலை வரை, நல்ல வெயில் நேரம். 21 லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதிகம் போனால் 170 மில்லிகிராம், 53 லிட்டரில் 425. வளர்ந்த இரண்டு வேர்க்கொத்துக்கு முதலாவது சில மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. மீன் கடைகளில் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் எல்போவைச் சாய்த்து 5 செ.மீ. தண்ணீரை வாளியில் இறக்கி வேரின் மேற்பகுதியைக் காற்றில் விடுங்கள். மின்சாரம் வந்ததும் திருப்பி ஊற்றலாம். பம்ப் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே, நிழலில் இருக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கும். குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒரு செக் வால்வு போடுவதும் நல்லது.

வைரமுதுகு அந்துப்பூச்சியும் அசுவினியும் மண்ணில் வருவது போலவே இங்கேயும் வரும். 40 மெஷ் வலை மூடுவதே முதல் காப்பு. புழு தெரிந்தால் மாலையில் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) தெளிக்கலாம். வேப்பெண்ணெய் தொட்டியில் சொட்டக் கூடாது, நீர்ப்பரப்பில் படலமாக நிற்கும்.

கையால் அழுத்தினால் உருண்டை கல்போல் இருந்தால் அன்றே அறுத்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் கிடைக்கும் செடி நிறுத்தாமல் குடிக்கும், இரண்டு மூன்று நாளில் கோஸ் வெடிக்கும். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் செடியைப் பிடித்து அரைச் சுற்றுத் திருகுங்கள். கொஞ்சம் வேர் அறுந்து உறிஞ்சுவது குறையும், சில நாள் கிடைக்கும். செலவுக் கணக்கில் இது சந்தைக் கோஸோடு போட்டி போடாது. மருந்து வாடையில்லாத மொறுமொறுப்பான கோஸுக்காகச் செய்வது.

அறுத்தபின் வேர்த்துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் கழுவி, ஷீட்டை வெயிலில் காயவைக்கவும். ஏர் ஸ்டோனை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து, பம்பை ஓட்டிக் காற்றை உள்ளிருந்து தள்ளினால் துளைகள் திறக்கும். மறுபடி அந்தப் பாட்டிலால் அளந்து பாருங்கள். ஒரு லிட்டருக்கு 40 நொடிக்கு மேல் எடுத்தால் முதலில் ஸ்டோனை மாற்றவும்; அப்போதும் தேறாவிட்டால் பம்பின் ரப்பர் டயாஃப்ரம் தளர்ந்திருக்கும், அதை அடுத்த நாற்று நடுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.