ஸ்விட்ச் சிப்பும் டிவைஸ் ட்ரீயும்: நாலு வருட அனுபவம்

பிராசஸருக்குப் பக்கத்திலேயே ஐந்து போர்ட் ஸ்விட்ச் சிப் உட்கார்ந்திருக்கும் போர்டுகளுக்கு டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) எழுதுவது நாலு வருடமாக என் வேலை. முன்பெல்லாம் ஒரே ஈதர்நெட்டை விஎல்ஏஎன்களாக (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி மெய்நிகர் வலைகளாக) பிரித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் போர்ட்டுகளைத் தனித்தனி இன்டர்ஃபேஸாகக் காட்டும் லினக்ஸ் வசதியான டிஎஸ்ஏவுக்கு மாறிய பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எம்டிஐஓ (சிப்பைக் கட்டுப்படுத்தும் இரண்டு கம்பித் தடம்) நோடுக்குள் ஸ்விட்ச், அதற்குள் போர்ட்டுகள், பிராசஸரைப் பார்க்கும் போர்ட்டில் மட்டும் 'ஈதர்நெட்' என்ற பண்பு. எழுதி முடித்தால் ஒவ்வொரு சாக்கெட்டும் தனி இன்டர்ஃபேஸாக வந்து நிற்கும்.

வம்பெல்லாம் அந்தப் பிராசஸர் போர்ட்டில்தான். பெரும்பாலும் நடுவில் பிஎச்ஒய் (கேபிளோடு பேசி வேகத்தை முடிவு செய்யும் சிப்) இருக்காது, வெறும் தடங்கள்தான். வேகத்தைப் பேசி முடிக்க ஆளில்லாததால் ஃபிக்ஸ்டு-லிங்க் என்ற நிலையான இணைப்பைப் போட்டு 1000 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும்) என்று நாமே எழுதிவிடுகிறோம். அதனால் அந்த லிங்க் எப்போதும் 'அப்' என்றே காட்டும்! நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். இதை நம்பி ஒருமுறை இரண்டு நாள் வீணடித்தேன்.

லிங்க் இருக்கிறது, பிங் போகவில்லை. எத்டூல் -S (இன்டர்ஃபேஸின் புள்ளிவிவரம் காட்டும் கட்டளை) கொடுத்துப் பார்த்தால் சிஆர்சி பிழைக் கணக்கு (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) மட்டும் மளமளவென்று ஏறுகிறது. பிராசஸரையும் ஸ்விட்சையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ தடம் 1 ஜிகாபிட்டில் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் இரண்டு விளிம்பிலும் தரவு அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் 4 நானோவிநாடிதான். கடிகாரத்தை 2 நானோவிநாடி தள்ளினால் துண்டின் நடுவில் படிக்கலாம். என் போர்டில் பிராசஸரும் தள்ளியது, ஸ்விட்சும் தள்ளியது. மொத்தம் 4, தரவு மாறுகிற விளிம்பிலேயே போய் விழுந்தது. பிராசஸர் பக்கத் தாமதத்தை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் போர்ட்டில் மட்டும் ஆர்எக்ஸ் (பெறுதல்), டிஎக்ஸ் (அனுப்புதல்) இரண்டுக்கும் 2000 பிகோவிநாடி என்று எழுதினேன். பிழைக் கணக்கு அப்படியே நின்றது. அப்புறம் எந்தப் போர்டு வந்தாலும், 'தாமதம் யார் பொறுப்பு?' என்பதுதான் ஹார்டுவேர்காரரிடம் என் முதல் கேள்வி.

லேபிள் (டிவைஸ் ட்ரீயில் போர்ட்டுக்கு நாம் வைக்கும் பெயர்) கதை சின்னது. பெட்டியில் 1 என்று அச்சடித்த சாக்கெட் சிப்பின் போர்ட் 3ஆக இருக்கும். மாற்ற வேண்டியது லேபிளை மட்டுமே. ரெக் எண் சிப்பின் சொந்த எண், அதில் கை வைக்கக் கூடாது.

ஒரு குறை உண்டு. பிராசஸர் போர்ட்டில் பிஎச்ஒய்-மோடும் (இணைப்பு எந்த வகை என்று சொல்லும் பண்பு) ஃபிக்ஸ்டு-லிங்க்கும் விட்டுப்போன பழைய கோப்புகளைக் கெர்னல் முன்பு கண்டுகொள்ளாது. இப்போது பூட் ஆகும்போதே எச்சரிக்கை அடிக்கிறது. என் முதல் போர்டின் கோப்பும் அதில் ஒன்று; இன்னும் திருத்தவில்லை.