தடுப்புக் கையுறையா, தள்ளி வைத்த கையா?

முறிந்த தொடை எலும்புக்குள் நெய்ல் (உலோகத் தண்டு) போட்டபின், அதன் கீழ்முனை ஸ்க்ரூவுக்குத் துளை தேடும்போதுதான் சர்ஜனின் விரல்கள் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் மெஷின்) கதிருக்குள் போய்விடும். கதிர்த் தடுப்புக் கையுறை சிதறி வரும் கதிரைக் குறைக்கும், சரி. ஆனால் தடிமன், விரலுணர்வு மங்கும். நேர்க்கதிருக்குள் அதோடு கையை நீட்டினால் இன்னொரு வம்பு: படம் இருட்டுகிறது என்று மெஷின் தானாகவே கதிரைக் கூட்டிவிடும். அந்தக் கூடுதல் நோயாளிக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது வழி, நீளமான பிடியால் கருவியைப் பிடிப்பது, கையை விலக்கிய பிறகே கதிரை விடும் பெடலை மிதிப்பது. தூரம் இரட்டிப்பானால் சிதறல் ஏறக்குறைய கால்வாசி. கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே. கதிரின் ஓரத்தில் கை இருந்தே தீரவேண்டிய கேஸ்களில் மட்டும் கையுறையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு) என்ற கைக்கான வரம்பைக் கண்காணிக்க, விரலில் மோதிர டோசிமீட்டர் (கை வாங்கிய கதிரை அளக்கும் கருவி) எப்படியும் வேண்டும்.