சுங்கை சிப்புட்டில் கண் காட்டப் போனோம்

ஊருக்குப் போனால் பல், ரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் மெல்பர்ன் செலவில் பாதிக்கு முடித்துக்கொண்டு திரும்புவேன். இந்த முறை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் நேரமெல்லாம் அண்ணன் மகளின் கண்ணுக்கே போய்விட்டது.

எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் எழுத்து அட்டையைத் தூரத்தில் வைத்துச் சோதித்தபோது கடைசி வரி வரை படித்துவிட்டாள். அப்புறம் யார் கண்ணைச் சந்தேகப்படுவார்கள்? ஆனால் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் தலைவலி. இடது கண் மெல்ல மூக்குப் பக்கம் சாயும். அண்ணி சோம்பல் என்றே நினைத்திருந்தார். அவளுக்கு இருந்தது தூரப்பார்வைக் கோளாறு. அதில் கண் விழி நீளம் குறைந்திருப்பதால் வெளிச்சம் விழித்திரைக்குப் பின்னால் குவியும். பிள்ளைகளின் கண் லென்ஸ் புடைத்துக்கொடுத்து அதைச் சரிக்கட்டிவிடும். அந்த ஓயாத உழைப்புதான் தலைவலியும் மாறுகண்ணும்.

கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி, ‘பவர் பிளஸ் ஒன்று’ என்று உடனே பிரேம் காட்ட ஆரம்பித்தார்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டாமா என்றேன். தேவையில்லையாம். எனக்கு ஒப்பவில்லை. அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி ஈப்போவில் கண் மருத்துவரிடம் போனோம்.

“எரியுது அத்தே!” என்று காலை உதறினாள். சொட்டு விட்டுக் காத்திருந்த பிறகு கண்பாப்பா அகலமாக விரிந்து, கண்ணே கறுப்பாகத் தெரிந்தது. லென்ஸுக்கு ஓய்வு கொடுத்துப் பார்த்தால் பிளஸ் நான்கு! மெஷின் கணக்கு அவள் கண் மறைத்தது போக மிச்சம்தான்.

படிக்கும்போது மட்டுமல்ல, நாள் முழுக்கக் கண்ணாடி போட வேண்டும் என்றார் டாக்டர். போட்டால் கண் நேராகும், கழற்றினால் திரும்பவும் சாயும். அதைப் பார்த்து அண்ணி பதறிப்போனார், ஆனால் அது எதிர்பார்த்ததுதான். விட்டுவைத்தால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிப் பார்வையே தேங்கிவிடலாம்.

லேசர் செய்துவிடலாமே என்றான் அண்ணன். வளரும் கண்ணுக்கு அது கிடையாது. பெரியவர்களுக்கும் குறைந்த, நடுத்தர பவருக்குத்தான் பலன் நன்றாக இருக்கும், நாளடைவில் கொஞ்சம் பழையபடி திரும்பவும் கூடும். அவன் பேப்பர் படிக்க மாட்டும் கண்ணாடியோ வேறு கதை. அது நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து.

இந்தச் சொட்டு மருந்துச் சோதனைக்குப் போகிறவர்கள் பிள்ளைக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலில் கண் கூசும். கிட்டப் பார்ப்பது மறுநாள் வரை மங்கலாக இருக்கலாம். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.