நீர்வேலியில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் இரண்டு இரவுகள்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எனக்கு ஆஸ்பத்திரியில் இரவுக் கடமைதான் கூடுதலாக விழுந்தது. கொடியிறங்கிய கையோடு இரண்டு நாள் லீவு எடுத்தேன். எங்காவது போய்ப் படுத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், யாழ்ப்பாணத்து நீர்வேலியில் முந்திரிகைத் தோட்டக்காரர் ஒருவர் தன் வீட்டில் இரண்டு அறைகளை ஆட்களுக்குக் கொடுக்கிறார் என்று நம்பர் தந்தார். பெயர்ப் பலகை இல்லாத இடம், நெட்டில் தேடினாலும் வராது. 71 வயது ஐயாவையும் (என் அப்பா) கூட்டிக்கொண்டு போனேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் முந்திரிகை என்பது திராட்சையை. நீங்கள் சொல்லும் முந்திரி எங்களுக்கு மரமுந்திரிகை, கடையில் கேட்டால் கஜு.

பருத்தித்துறை வீதியால் போகிற பஸ்ஸில் நீர்வேலியில் இறங்கி, ஆட்டோவில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம். பழைய ஓட்டு வீடு, முன்னால் விறாந்தை, அதில் இரண்டு சாய்மனைக் கதிரைகள். விறாந்தைப் படி இறங்கினால் செம்மண், அதிலிருந்து பத்தடியில் பந்தல் தொடங்குகிறது. எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். வெளியே வெயில் கொளுத்தும்போதும் பந்தலுக்குக் கீழே போனால் பச்சை வெளிச்சமும் ஈர மண்ணின் வாசமும்தான். தலைக்கு மேலே குலைகள் கறுத்துத் தொங்கின.

ஆனால் பாதிப் பந்தலில்தான். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். போனில் பேசியபோது "நீங்கள் வரேக்கை தோட்டம் முழுக்கப் பழம்" என்றார்கள். நாங்கள் போவதற்கு முதல்நாள் வியாபாரி வந்து வீதிப் பக்கத்துப் பாதியை வெட்டி ஏற்றிவிட்டார். ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நாள் முந்தி வந்திருப்பேன். வீட்டுக்கார அண்ணை மன்னிப்புக் கேட்டார், மிச்சப் பாதியில் எங்கள் கையாலேயே பறிக்க விட்டார், மனம் ஆறிவிட்டது. வேறு யாராவது போவதென்றால் இரண்டு நாளுக்கு முன் மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பறிப்பது எப்படி என்று அவரே காட்டித் தந்தார். குலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, காம்பைக் கத்திரியால் வெட்ட வேண்டும். பழத்தின் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சைத் தேய்க்கக் கூடாது. அது மருந்து இல்லை, பழம் தானே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகு. முக்கியமாக, குலையின் நுனிப் பழத்தை வாயில் போட்டுப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும், நுனிதான் கடைசியாய் இனிக்குமாம். மாம்பழம், வாழைப்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. கொடியில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், வெட்டிய பிறகு இனிப்பு ஏறாது. சந்தையில் நாங்கள் வாங்கும் புளிப்புப் பழத்தின் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இங்கே பறித்தது தடித்த தோல், உள்ளே விதை. கடித்ததும் முதலில் இனிப்பு, பிறகு மெல்லிய புளிப்பு. ஒரு குலை முழுவதையும் நின்ற நிலையிலேயே சாப்பிட்டேன்.

குளிர் நாடுகளில் கொடி இலை உதிர்த்து உறங்குவதால் வருடத்தில் ஒரு போகம். இங்கே அது உறங்குவதே இல்லை. கத்தரிக்கோல்தான் அதற்குப் பனிக்காலம் என்றார் அண்ணை. கொடியை ஒட்ட வெட்டிவிட்டால் புதுத் துளிரில் பூ வரும், ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். அப்படி வருடத்தில் இரண்டு தரம் எடுக்கிறார். மாரி மழையில் இலையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் பழம் நிற்காதபடி கணக்குப் பார்த்து வெட்டுகிறார்.

விடிய ஐந்து மணிக்கு இறைப்பு மெஷின் தொடங்கிவிடும். முதல்நாள் திடுக்கிட்டு எழும்பினேன். இரவுக் கடமை முடித்த உடம்புக்கு அது கொஞ்சம் கொடுமைதான். பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் ஐயாவைக் காணோம். சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு வாய்க்காலில் தண்ணி மாறிக்கொண்டு நிற்கிறார். கரணவாய் ஊரில் நாற்பது வருடம் வெங்காயம் செய்தவர். முழங்கால் வருத்தத்தால் தோட்டத்தை விட்டு ஆறு வருடம் ஆகிறது. "ஐயா, நீங்கள் காசு குடுத்து வந்தனீங்கள், இருங்கோ" என்று அண்ணை சொல்ல, "கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் வருத்தம் வருது தம்பி" என்றார் இவர். பிறகு இருவரும் கிணற்றுக் கட்டில் இருந்து உவர்த் தண்ணியைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அதில் மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும். அதனால்தான் அண்ணை நேரம் பார்த்து மெஷினை நிறுத்துகிறார். பின்னேரம் அவருடைய சைக்கிளை வாங்கி நிலாவரைக் கிணற்றுக்குப் போனேன். அங்கேயும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. எத்தனையோ தரம் பார்த்த கிணறு, இந்தத் தடவைதான் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

அன்று மத்தியானம் நான் சாய்மனைக் கதிரையில் மூன்று மணி நேரம் தூங்கினேன். சோளகக் காற்று, தூரத்தில் ஐயாவின் பேச்சுக் குரல். கட்டிலில் கூட அப்படித் தூங்கி நிறைய நாளாகிறது.

சாப்பாடு வீட்டுக்கார அக்காவின் கைச் சமையல். காலையில் குரக்கன் புட்டும் சம்பலும், மத்தியானம் முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, இரவில் இடியப்பமும் சொதியும். பனங்கட்டியோடு தேத்தண்ணி கேட்கிற நேரமெல்லாம் வந்தது. கழிவறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, முழங்கால் வருத்தக்காரருக்கு இரவில் சிரமம். அறையில் மின்விசிறி மட்டும்தான், நுளம்பு வலை தருவார்கள். நகரத்து ஹோட்டலில் ஒரு இரவுக்குக் கேட்கிற காசில் இங்கே இரண்டு பேருக்கு இரண்டு இரவும் மூன்று வேளைச் சாப்பாடும் முடிந்தது.

வைன் குடிக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் மது செய்வது சட்டப்படி குற்றம், அண்ணை அதில் கை வைப்பதில்லை. அக்கா பழத்தைப் பிழிந்து காய்ச்சிய ரசம் தருவார், அது நல்லாயிருந்தது. வைன்தான் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதியில் ரோசரியன் கன்னியர் மடத்துக்குப் போங்கள். 1928இல் தோலகட்டியில் தொடங்கிய சபை அது. கறுவா, கராம்பு வாசத்தோடு இனிப்பான வைன் கிடைக்கும், நெல்லி ரசமும் கிடைக்கும். நான் ஒவ்வொன்றிலும் ஒரு போத்தல் வாங்கினேன்.

புறப்படும்போது அண்ணை முந்திரிகைத் தடி மூன்றை ஈரச் சாக்கில் சுற்றி ஐயாவிடம் கொடுத்தார். தை மாதம் கத்தரிப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் அந்தக் கிழமைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.