கூரைக்கு எந்த ஷிங்கிள்ஸ்: தாரா, மரமா, கல்லா?

கூரை வேய ஷிங்கிள்ஸ், அதாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிசை வரிசையாக ஆணியடித்துப் பதிக்கும் சிறு துண்டுகள், வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிற அட்டையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். கூரையின் வாட்டத்தையும் அதைத் தாங்கும் கைமரங்களையும் முதலில் பாருங்கள் என்பேன். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். கிடைமட்டமாக 12 அங்குலம் போவதற்குள் 2 அங்குலமாவது உயராத கூரையில் தார் ஷிங்கிள்ஸ் பதிக்கக் கூடாது. அந்த உயரம் 2 முதல் 4 அங்குலத்துக்குள் இருந்தால், அடியில் விரிக்கும் நீர்த்தடுப்புத் தாளை இரட்டையாகப் போட வேண்டும். ஸ்லேட் கல்லுக்கு 4 அங்குலத்துக்குக் குறைந்த வாட்டம் ஆகாது. தண்ணீர் மெதுவாக வழிந்தால் கற்களின் இடுக்கில் ஏறி உள்ளே கசிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் போட்டி தார் ஷிங்கிள்ஸின் இரண்டு வகைகளுக்கு இடையேதான். இரண்டிலும் நடுவே கண்ணாடியிழை விரிப்பும், அதன் இருபுறமும் தாரும், மேலே பொடிக்கல்லும் இருக்கின்றன. மூன்று மடலாகத் தெரியும்படி இடையிடையே வெட்டு விட்ட மூன்று மடல் வகை ஒற்றை அடுக்கு. அதனால் மெல்லியது, எடை குறைந்தது. இன்னொன்று, இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்த, ஆர்க்கிடெக்சுரல் எனப்படும் வகை. முன்னது பொதுவாக மணிக்கு 95 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கே உத்தரவாதம் பெறுகிறது. பின்னது 175 முதல் 210 கிலோமீட்டர் வரை பெறுகிறது. ஆயுளும் அப்படித்தான்: முன்னது 15 முதல் 20 ஆண்டு, பின்னது 25 முதல் 30 ஆண்டு. பழையதைப் பிரித்து இறக்கவும் புதியதைப் பதிக்கவும் ஆகும் கூலி ஏறத்தாழ ஒன்றேயாக இருக்கும்போது, பொருளில் மட்டும் மிச்சம் பிடித்து மூன்று மடல் வகையை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய தார்க் கூரையின் ஓர வடிகாலுக்குள் கைவிட்டுப் பார்த்தால், நரநரவென்று கரிய மணல் ஒரு பிடி வரும். அது மணலன்று, மேலே ஒட்டியிருந்த பொடிக்கல். வெயிலின் புறஊதாக் கதிர் தாரைத் தொடாமல் காப்பது அதுதான்; அது உதிர உதிரத் தார் காய்ந்து, வெடித்து, ஓரங்கள் சுருளத் தொடங்கும். புதிதாகப் போட்ட கூரையிலிருந்து முதல் சில மழைகளில் கொஞ்சம் உதிர்வது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம். ஆலங்கட்டி மழை பெய்யும் இடமாக இருந்தால், தாரில் ரப்பர்த் தன்மையுள்ள பாலிமர் கலந்த வகையைக் கேளுங்கள். மோதல் சோதனையின் நான்காம் வகுப்பில் தேறிய ஷிங்கிள்ஸ், 2 அங்குல எஃகு உருண்டையை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டும் விரிசல் விடாதவை.

சிடார் மர ஷிங்கிள்ஸின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் தீத்தடுப்பு மருந்து ஏற்றாத மரம் பறந்துவரும் நெருப்புப் பொறிக்கே பற்றிக்கொள்ளும். அடியில் காற்றோடாவிட்டால் உளுத்தும் போகும்.

ஸ்லேட் வேறு உலகம். நல்ல கல்லை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் விரிசலோ ஊறலோ இருக்கிறது. 100 ஆண்டுகளைக் கடந்த ஸ்லேட் கூரைகள் உண்டு. கல்லின் ஆயுள் முடியும் முன்பே இரும்பு ஆணி துருப்பிடித்துவிடும் என்பதால் செம்பு ஆணியால் அறைகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குத் தார் ஷிங்கிள்ஸ் 10 முதல் 20 கிலோ என்றால், ஸ்லேட் 35 கிலோவையும் தாண்டும். தாருக்கென்று போட்ட கைமரங்களின் மேல், பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அதை ஏற்றக் கூடாது. சுட்ட களிமண் ஓட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எடையும் குறைந்து ஆயுளும் நீள வேண்டும் என்பவர்களுக்கு உலோகத் தகடு நல்ல தேர்வு.

எனினும், எதை வாங்கினாலும் ஆணி அறையும் கையைக் கவனியுங்கள். இரட்டை அடுக்கு ஷிங்கிள்ஸில் இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் குறுகிய பட்டையில்தான் ஆணி இறங்க வேண்டும். ஓர் அங்குலம் மேலே போனால் மேலடுக்கை மட்டுமே பிடிக்கும், கீழடுக்கு பின்னாளில் வழுவிவிடும். ஒன்றுக்கு 4 ஆணி, பலத்த காற்று வீசும் இடத்தில் 6. ஆணித்தலை தாரைக் கிழித்து உள்ளே புதையாமலும், மேலே துருத்தாமலும் இருக்கிறதா என்பதை, முதல் வரிசை பதித்தவுடன், அடுத்த வரிசை அதை மூடுவதற்கு முன்பே ஏணியில் ஏறிப் பார்த்துவிடுங்கள்.