டை முடிச்சு யாருக்கு எது? நெடுநாள் அணிந்தவரின் அனுபவம்

மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு டை என்பது கல்யாண வரவேற்புக்கு மட்டும் எடுத்து மாட்டும் பொருளன்று. காலையில் முதல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கழுத்தில் ஏறினால், இரவில் கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் வரை அது இறங்காது. மதுரை, விருதுநகர் வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு பல ஆண்டுகள் இப்படி அணிந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நீள முகத்துக்கு இந்த முடிச்சு, வட்ட முகத்துக்கு அந்த முடிச்சு என்று சொல்லப்படுவதில் பெரிய சாரம் இல்லை. அணிபவரின் உயரம், கழுத்தின் பருமன், காலரின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, டைத் துணியின் கனம் ஆகியவைதாம் முடிச்சைத் தீர்மானிக்கின்றன.

நீளத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலரும் கடைசியாகக் கவனிப்பது அதைத்தான். கடைகளில் கிடைக்கும் டை பெரும்பாலும் 145 முதல் 150 செ.மீ. வரை நீளமுள்ளது. கட்டி முடித்த பின் அதன் அகலமான முனை பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும். என் உயரம் 165 செ.மீ.; கழுத்தும் ஒல்லி. எல்லோருக்கும் முதலில் கற்றுத்தரப்படுவது ஃபோர் இன் ஹேண்ட் முடிச்சு. அகலமான முனையால் குறுகிய முனையை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கழுத்தடியில் மேலே ஏற்றி, முன்புற வளையத்துக்குள் இறக்கும் அந்த முறை மிகக் குறைந்த துணியையே எடுத்துக்கொள்ளும். ஆகவே என்னைப் போன்றவர்கள் அகலமான முனையைப் பக்கிளோடு நிறுத்தினால், மிச்ச நீளமெல்லாம் பின்னாலிருக்கும் குறுகிய முனைக்குப் போய், அது முன்முனையைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்கும். ஃபுல் விண்ட்ஸர் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. இருபுறமும் கழுத்து வளையத்தைச் சுற்றி வருவதால் அது நீளத்தை நன்றாகவே விழுங்கிவிடும். ஆனால் ஒல்லிக் கழுத்தில் அந்த முக்கோண முடிச்சு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டது போலத் துருத்திக்கொண்டு நிற்கும்.

உயரம் ஒன்றைக் கேட்க, கழுத்து வேறொன்றைக் கேட்கும் இந்த இழுபறிக்கு எனக்குப் பொருந்திய தீர்வு பிரின்ஸ் ஆல்பர்ட் முடிச்சு. ஃபோர் இன் ஹேண்டையே கட்டிக்கொண்டு வந்து, மேலே ஏற்றுவதற்கு முன் அகலமான முனையை இன்னொரு முறை சுற்றி, பிறகு முன்புறத்து இரண்டு வளையங்களுக்கும் உள்ளே சேர்த்து இறக்க வேண்டும். முடிச்சு அகலத்தில் அதிகம் கூடாமல் பருமனில் மட்டும் சற்றுத் தேறும். கூடுதல் சுற்றுக்குச் சில அங்குலம் செலவாவதால் பின்முனையும் ஒழுங்காக மறைந்துகொள்ளும். இறுக்கிய பின் உள்சுற்றின் ஓரம் முடிச்சுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். சரியாகக் கட்டவில்லையோ என்று பார்ப்பவர்கள் நினைக்கக்கூடும், ஆனால் அந்த முடிச்சின் இயல்பே அதுதான். ஒரு நிபந்தனை உண்டு: துணி மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த கனமான டையில் இரண்டு வளையங்களுக்குள்ளும் துணியை இழுப்பதற்குள் சட்டை கசங்கிவிடும்.

உயரமானவர்களின் கணக்கு இதற்கு நேர்மாறானது. ஆறடிக்கு மேல் உயரமும் பருத்த கழுத்தும் உள்ள சக பணியாளர் ஒருவருக்குப் பெரிய உடம்புக்குப் பெரிய முடிச்சு என்ற பொது விதிப்படி விண்ட்ஸர்தான் பொருந்த வேண்டும். ஆனால் கழுத்தைச் சுற்றுவதற்கே அதிக நீளம் போய்விடுவதால், சாதாரண அளவு டையில் அவர் விண்ட்ஸர் கட்டினால் முனை தொப்புளுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. அவர் கனமான டை வாங்கி ஃபோர் இன் ஹேண்ட் கட்டுகிறார். துணியின் தடிமனே முடிச்சைப் போதிய அளவு பெரிதாக்கிவிடுகிறது. விண்ட்ஸரேதான் வேண்டும் என்பவர்கள் 160 செ.மீ.க்கு அருகிலுள்ள கூடுதல் நீள டையைத் தேடி வாங்குவதே வழி. 1936-இல் இங்கிலாந்தின் அரியணையைத் துறந்து விண்ட்ஸர் கோமகன் ஆனவரின் பெயரைத்தான் அந்த முடிச்சு தாங்கி நிற்கிறது என்றாலும், அவரே அதைக் கட்டியதில்லை. உள்துணி தடிமனாக வைத்துத் தனியாகத் தைக்கச் சொன்ன டையில், சாதாரண ஃபோர் இன் ஹேண்டைக் கட்டித்தான் அந்தப் பெரிய முடிச்சைப் பெற்றார்.

காலரைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: முடிச்சின் இரு மேல் ஓரங்களும் காலர் மடிப்புக்குள் ஒளிய வேண்டும், அதே நேரத்தில் காலர் முனைகளை அது மேலே தூக்கிவிடவும் கூடாது. முனைகள் நெருக்கமாகக் கீழ்நோக்கி இருக்கும் காலரிலும், முனைகளைப் பட்டன் போட்டுப் பிடிக்கும் காலரிலும் விண்ட்ஸரைத் திணித்தால், மத்தியானத்துக்குள் முனைகள் இரண்டும் சட்டையிலிருந்து எழும்பிவிடும். விரிந்த காலரில் ஃபோர் இன் ஹேண்ட் கட்டினால் முடிச்சின் இருபுறமும் கழுத்துப் பட்டை தெரியும். சட்டை தைக்கக் கொடுப்பவர்கள், தாங்கள் வழக்கமாகக் கட்டும் முடிச்சோடு டையை எடுத்துப்போய்த் தையற்காரரிடம் காட்டி, அதற்கேற்பக் காலரை விரிக்கச் சொல்வது நல்லது. ரெடிமேட் சட்டைகளில் பெரும்பாலும் காலர் நடுத்தர விரிவில் இருப்பதால், அவற்றுக்கு ஹாஃப் விண்ட்ஸர் அல்லது பிராட் முடிச்சு பொருந்தும். ஹாஃப் விண்ட்ஸர் பெயரில்தான் பாதி. பருமனில் முக்கால் பங்குக்குக் குறையாது. பிராட் முடிச்சு 1989-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் புதுமையாகப் பேசப்பட்டது. டையின் பின்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு தொடங்குவது அதன் தனித்தன்மை. அதில் ஒரு திருப்பம் குறைவு என்பதால், சமச்சீரான முடிச்சை விரும்பும் நடுத்தர உயரக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பைக்கில் போகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஹெல்மெட் பட்டை தாடைக்குக் கீழே முடிச்சை அழுத்தி அழுத்திக் கீழே தள்ளும். வழவழப்பான பாலியெஸ்டர் டையில் ஃபோர் இன் ஹேண்ட் கட்டியிருந்தால் இரண்டாவது கிளினிக்குக்குள் நுழையும்போதே சட்டையின் மேல் பட்டன் வெளியே தெரியும். நெசவு சற்றுச் சொரசொரப்பாக உள்ள டையில் இந்தச் சறுக்கல் மிகவும் குறைவு. பாலியெஸ்டர்தான் கட்ட வேண்டும் என்றால், ஹாஃப் விண்ட்ஸர் நாள் முழுதும் ஓரளவு பிடித்து நிற்கும். வண்டி ஓட்டும்போது முனையைச் சட்டையின் இரண்டு பட்டன்களுக்கு நடுவே உள்ளே செருகிக்கொள்வது எங்கள் தொழிலில் அனைவரும் செய்வது.

எந்த முடிச்சானாலும் அவிழ்க்கும்போது கட்டிய வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குறுகிய முனையைச் சட்டென்று உருவக்கூடாது. 1920-களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் காப்புரிமை பெற்ற முறைப்படி, இன்றைய டைகள் துணியைக் குறுக்குச் சாய்வில் வெட்டித் தைக்கப்படுகின்றன. அந்தச் சாய்வால்தான் சுருக்கம் இரவுக்குள் தானே நீங்குகிறது. மெதுவாக அவிழ்த்துத் தொங்கவிட்டால்தான் அதற்கு வாய்ப்பு.

முடிச்சை முன்பே போட்டு ஜிப் வைத்து விற்கும் டைகளை இப்போது புதிதாகச் சேரும் இளைஞர்கள் பலரும் வாங்குகிறார்கள். நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் நான் பார்த்தவற்றில் முடிச்சு ஹாஃப் விண்ட்ஸர் அளவுக்குக் குறையாமல்தான் இருக்கிறது. ஆகவே வாங்குமுன் அதைத் தம் சட்டைக் காலரில் வைத்து, முனைகள் தூக்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.