150 பார் வாட்டர் சர்வீஸ் மெஷின்: பதினோரு மாத அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட் அருகே சிறிய வாட்டர் சர்வீஸ் ஷெட் நடத்துகிறேன். மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள். 150 பார் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் இந்த மெஷின் வண்டி கழுவுவதைக் குறை சொல்லவே முடியாது. மழைக்காலத்தில் குட்டியானை வண்டிகளின் அடியில் அப்பிக் காய்ந்த சேறு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மோட்டாரும் இதுவரை மக்கர் செய்ததில்லை.

தண்ணீர் பீய்ச்சும் கைத்துப்பாக்கிதான் மோசம். நான்காவது மாதமே விசையின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. விசை தானாக அழுந்தாமல் தடுக்கும் பூட்டு லேசாக இடித்தாலே கழன்றுகொள்ளும். விற்ற கடையில் காட்டினேன். "பழகிக்கொள்ளுங்கள் சார்" என்றார்கள்.

மாசியில் ஒரு நாள், மோட்டாரை நிறுத்தாமல் துப்பாக்கி முனையில் உள்ள நாசிலை மாற்றப் போனான் ஒரு தம்பி. பூட்டு நழுவியது. இடது ஆட்காட்டி விரலில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். "ஒன்றுமில்லை அண்ணே" என்று சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். நானும் விட்டுவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

மாலையில் ஒரு கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டு, களிம்பு தடவி அனுப்பினார்கள். இரவு பத்து மணிக்கு விரல் வெளுத்து, வீங்கி, மடக்க முடியாமல் விறைத்திருந்தது. ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். எத்தனை பார், தண்ணீரில் என்ன கலந்திருந்தது என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். விரலைத் திறந்து, உள்ளே புகுந்திருந்த அழுக்கைக் கழுவி எடுத்தார்கள். வெளியே புள்ளியாகத் தெரிந்தாலும், தண்ணீர் தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரை பாயுமாம். தோலைத் துளைக்க ஏறக்குறைய 7 பார் போதும். கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம், இதுவோ 150.

இவ்வளவு வேகமுள்ள பொருளோடு வந்த கையேட்டில் ஒரு வரி தமிழ் இல்லை. வாங்குபவர்கள் கடையிலேயே துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பூட்டைப் போட்டு, நன்றாக உலுக்கிப் பாருங்கள். விசையை விட்டதும் தண்ணீர் அந்தக் கணமே நிற்காவிட்டால் வாங்காதீர்கள்.

துப்பாக்கியை மட்டும் வேறு வாங்கி மாட்டிவிட்டேன். மோட்டாரை அணைத்து, விசையை ஒருமுறை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் நாசிலில் கை வைக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஊசிபோல் பாய்ச்சும் சிவப்பு நாசில் என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. தம்பிக்கு விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.